நின்றோட்டம் நிலைபெற

 

வண்டி நிற்கின்றது, ஆனால் அதன் உந்துபொறி ஓடுகின்றது. முடுக்கியை முற்றும் விட்ட நிலையில், எச்சுமையையும் இழுக்காமல், தன்னை மட்டுமே தாங்கிக்கொண்டு உந்துபொறி ஓடும் இந்நிலையைப் பட்டறையினர் 'ஐடிலிங்' என்றும் 'சுலோ' என்றும் வழங்குகின்றனர். வண்டி நிற்கப் பொறி ஓடுவதால் அதனை நின்றோட்டம் என்பது பொருந்தும். உந்துருளியின் நின்றோட்டம் ஏன் நடுங்குகின்றது, ஏன் இடையிடையே அவிந்துபோகின்றது, அதன் கரணியத்தை எவ்வாறு கண்டறிவது என்பதே இவ்வுரையின் பொருளாகும். மொழி மேடையிலே உந்துருளிப் பழுதைப் பற்றிப் பேசுவதா என்று வியப்பாரும் இருக்கலாம். வியப்பு வேண்டா. ஒரு பெயர் பிழைபட்டதனாலேயே நாள்தோறும் கன்னெய் வீணாவதையும் பொறி கொதிப்பதையும் இவ்வொரு பழுதிலே கண்கூடாகக் காணலாம்.

வடக்குத்து, சென்னையிலிருந்து குடந்தைக்குச் செல்லும் பெருஞ்சாலையில், பண்ணுருட்டிக்கும் வடலூருக்கும் இடையே, நெய்வேலி நகரியத்தை ஒட்டிக் கிடக்கும் ஊர். 1957ஆம் ஆண்டு நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் தோண்டத் தொடங்கிய நாள் முதலாகச் சுற்றூர் மக்களின் உறக்கமும் விழிப்பும் சுரங்கத்தின் முறைப்பணியோடு பிணைந்துவிட்டன. பகல் முறை, மாலை முறை, இரவு முறை என்று மாறிமாறிச் செல்லும் தொழிலாளர்க்கு உந்துருளி ஒப்பனைப் பொருளன்று, கால் போன்றது. பேருந்து வாராத பொழுதிலும் அவர் பணிவாயிலில் நின்றாக வேண்டும்.

இரவு முறைக்குப் புறப்பட்ட ஒருவரை எண்ணிப் பார்க்க. பெருஞ்சாலையினின்று நகரிய வாயிலுக்குத் திரும்பும் இடத்தில் அவர் விரைவைக் குறைக்கின்றார், முடுக்கியை விடுகின்றார். உந்துபொறி இருமுறை விக்கி அவிந்துவிடுகின்றது. பழைய வண்டியாயின் முன்விளக்கும் அதனோடு மங்கி அவியும். பின்னாலோ சரக்குந்து. நின்றோட்டப் பழுதைச் சிறு பழுது என்பார் இந்நிலையை ஒருமுறை நினைந்து பார்ப்பாராக.

மறுநாள் அவ்வண்டி பட்டறைக்குச் செல்கின்றது. பட்டறைக்காரர் எரிகலப்பியின் பக்கவாட்டில் உள்ள திருகை அரைச்சுற்று முறுக்குகின்றார். பொறி உரக்க ஓடுகின்றது, அவியவில்லை. காசும் கைமாறுகின்றது. நான்கு நாளில் பொறி சூடேறியபின் அடங்காமல் இரைகின்றது. காலையில் மீண்டும் அவிகின்றது. திருகு மீண்டும் முறுக்கப்படுகின்றது. இவ்வாறு திங்கள் இரண்டு கழியும். பழுதோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதன் கரணியம் அறிய, எரிகலப்பியின் உள்ளே நிகழ்வதைச் சிறிது காண வேண்டும். கார்புரேட்டர் எனப் பலரும் அறிந்த எரிகலப்பியின் வேலை, காற்றையும் கன்னெய்யையும் கலந்து உருளைக்குள் விடுவது. பெட்ரோலாகிய கன்னெய் ஒரு பங்கு முற்றும் எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். வண்டி விரைந்து ஓடுங்கால் ஏறுதடுப்பு உயர்ந்து, பெருவழியே காற்று பாய்ந்து, பெருந்தாரைத் துளையினின்று கன்னெய்யை உறிஞ்சிக்கொள்ளும். நின்றோட்டத்திலோ ஏறுதடுப்பு ஏறக்குறைய மூடிக் கிடக்கும். அப்பொழுது கன்னெய் வருவது, பட்டறையினர் 'சுலோ செட்டு' என்னும் சிறுதாரைத் துளை வழியாக மட்டுமே. அத்துளை மயிரிழை போன்றது. பாயும் காற்றும் மிகச் சிறிது. பேராற்றில் ஒரு குடம் நீர் கூடினாலும் குறைந்தாலும் தெரியாது; சிறு வாய்க்காலிலோ உடனே தெரியும். அதுபோல ஓட்டத்தில் மறைந்து கிடக்கும் சிறு குற்றமெல்லாம் நின்றோட்டத்திலே வெளிப்பட்டுவிடும். எனவே நின்றோட்டத்தின் நடுக்கத்தை நோய் என்பதினும் நோயின் அறிகுறி என்பதே தகும். காற்றிலோ கன்னெய்யிலோ தீப்பொறியிலோ தடுக்கிதழிலோ எங்கோ ஒரு குற்றம் இருக்கின்றது என்று அது கூவிச் சொல்கின்றது.

பட்டறைக்காரர் முறுக்கிய திருகு என்ன செய்தது? அது ஏறுதடுப்பைச் சற்றே உயர்த்திப் பிடித்தது, அவ்வளவே. கூவியவன் வாயைப் பொத்தியது போல. நெய்வேலிச் சுரங்கத்தின் தொடக்கக் காலத்தில் பேரிடராய் நின்றது நீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடந்த ஊற்றுநீர், மேல்மண்ணை அகழ அகழ அடித்தளத்தைப் பிளந்து எழும் நிலையில் இருந்தது. குழியிலே தேங்கிய நீரை மட்டும் இறைத்துக் கொண்டிருந்தால் சுரங்கம் நிலைத்திராது. ஆழ்துளைக் கிணறுகளை இறக்கி, இடைவிடாது நீரெடுத்து, கீழிருந்த அழுத்தத்தையே குறைத்தபின்னர்த்தான் நிலக்கரி கைக்கு எட்டியது. அச்சுரங்கத்தில் உழைப்பார் தம் வண்டிக்கும் அம்முறையையே கேட்கலாமன்றோ?

இனிப் பெயரைப் பற்றிய செய்திக்கு வருவோம். எரிகலப்பியில் ஓட்டுநர் கைக்கு எட்டும் திருகுகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, மேற்சொன்னவாறு ஏறுதடுப்பைத் தாங்குவது. அது நின்றோட்டத் திருகு. மற்றொன்று, நின்றோட்டக் கலவையின் செறிவை மாற்றுவது. இவ்விரண்டாம் திருகே குழப்பத்தின் இருப்பிடம்.

புல்லட்டு வண்டியையே எடுத்துக்கொள்க. இங்கிலாந்தில் பிறந்த அவ்வண்டியை இந்நாட்டில் செய்வதற்கான நிறுவனம் 1955இல் சென்னையில் அமைந்தது; தொழிலகம் திருவொற்றியூரில் எழுந்தது. தாய்நாட்டிலே 1970ஆம் ஆண்டளவில் அந்நிறுவனம் மறைந்துபோக, திருவொற்றியூரிலே வண்டி தொடர்ந்து வாழ்ந்தது. தமிழ்த் தொழிலாளர் கையாலே உயிர் பிழைத்த வண்டி அது. ஆயின் அதன் உறுப்புகட்கு ஒரு தமிழ்ப் பெயரேனும் அவ்வண்டியோடு ஊர்களுக்கு வந்ததில்லை. இரும்புருளை கொண்ட பழைய புல்லட்டில் பல்லாண்டு பொருத்தப்பெற்றது, சப்பானின் மிக்குனி வடிவத்தைத் தழுவித் தமிழ்நாட்டில் செய்யப்பெற்ற மிக்கார்பு எரிகலப்பி. அதன் இரண்டாம் திருகு காற்று வடிகட்டியின் பக்கம் இருக்கின்றது. அது கட்டுப்படுத்துவது காற்றை. உள்ளே முறுக்கினால் காற்று குறையும், கலவை செறிவாகும். வெளியே தளர்த்தினால் காற்று மிகும், கலவை நீர்த்துப்போகும்.

2008ஆம் ஆண்டிற்குப் பின் அந்நிறுவனமே புதுவகை உந்துபொறியைக் கொணர்ந்தது. அப்பொறி பூண்ட 350 வண்டிகளில் வேறுவகை எரிகலப்பி பொருத்தப்பெற்றது. அதில் இரண்டாம் திருகு உந்துபொறியின் பக்கம் இருக்கின்றது. அது கட்டுப்படுத்துவது காற்றையன்று. கன்னெய் கலந்துவரும் கலவையை. உள்ளே முறுக்கினால் கன்னெய் குறையும், கலவை நீர்க்கும். வெளியே தளர்த்தினால் செறியும். முன்னதற்கு முற்றிலும் மாறு!

இவ்விரண்டையும் பட்டறைகளிலே ஒரே பெயரால் 'ஏர் திருகு' என்றோ 'டியூனிங் திருகு' என்றோ வழங்குகின்றனர். பழைய வண்டியில் பழகிய கை, புதிய வண்டியிலும் செறிவாக்க எண்ணி உள்ளே முறுக்குகின்றது. கலவையோ மேலும் நீர்க்கின்றது. பொறி முன்னினும் நடுங்குகின்றது. கை மேலும் உள்ளே முறுக்குகின்றது. திருகின் ஊசிமுனை பித்தளை இருக்கையில் அழுந்தி வடுப்பட்டால் அவ்வெரிகலப்பி பிறகு செவ்வையாக அமைவது அரிது. இத்துணைக்கும் பட்டறைக்காரர் அறிவில் குறைந்தவர் அல்லர். பொறியின் ஒலி கேட்டே பாதிப் பழுதைச் சொல்லும் பட்டறிவுடையவர். அவர்க்குக் கிடைத்த பெயர்தான் ஊமைப் பெயர். வடிகட்டியின் பக்கம் இருப்பது காற்றுத் திருகு. உந்துபொறியின் பக்கம் இருப்பது கலவைத் திருகு. இவ்விரு பெயரை மட்டும் பிரித்து வழங்கினால் பத்து அகவைச் சிறுவனும் எதை எப்பக்கம் முறுக்குவது என்று தானே சொல்லிவிடுவான். தமிழ்ப்பெயர் வேண்டும் என்பது அழகுக்காக மட்டும் எழுந்த வேட்கையன்று.

திருகைத் தொடுமுன் பார்க்க வேண்டியன பல உள. பொறியை நன்கு சூடேற்றிக் கொள்க. ஐந்தாறு கல் தொலைவு ஓட்டி வந்தபின் ஆய்வதே முறை. வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, நின்றோட்டத்தில் விட்டு, கைப்பிடியை இடக்கோடி வலக்கோடியாகத் திருப்பிப் பார்க்க. திருப்பும்பொழுது பொறி இரைந்தால் எரிகலப்பிக்குப் பழுதில்லை. முடுக்கிக் கம்பி இறுகியோ மடிந்தோ கிடக்கின்றது. காசின்றித் தீரும் பழுது இது. ஆயினும் இதற்காக எரிகலப்பியைக் கழற்றி மாட்டுவோர் பலர்.

அடுத்து ஒலியைக் கேட்க. பொறி தானே ஏறித் தானே இறங்குவதும், முடுக்கியை விட்டபின் உடனே அடங்காமல் சிறிது நேரம் இரைந்து நிற்பதும், இறக்கத்தில் புகைபோக்கியில் பட்பட்டென வெடிப்பதும் கலவை நீர்த்ததன் குறிகள். கனத்த மூச்சோடு தள்ளாடுவதும், கரும்புகையும், கன்னெய் நாற்றமும், தீச்செருகியின் முனையில் படியும் உலர்ந்த கரியும் கலவை செறிந்ததன் குறிகள். ஒழுங்கில்லாமல் எப்பொழுதோ ஓர் அடி விடுபட்டால் ஐயம் தீப்பொறியின்மேல் செல்ல வேண்டும்.

நீர்த்ததா செறிந்ததா என்பதில் ஐயமாயின் ஓர் எளிய ஆய்வு உண்டு. 'சோக்கு' எனப்படும் தண்தொடக்கியைச் சூடான பொறியிலே சற்றே இழுத்துப் பார்க்க. அது கலவையைச் செறிவாக்கும் உறுப்பு. இழுத்ததும் நடுக்கம் குறைந்தால் பொறி கன்னெய்க்கு ஏங்குகின்றது என்க. நடுக்கம் மிகுந்தால் முன்னரே கன்னெய் மிகை என்க. கருவியொன்றும் வேண்டா இவ்வாய்வு, பட்டறைக்குப் போகுமுன் ஒவ்வோர் ஓட்டுநரும் வீட்டு வாயிலிலேயே செய்துகொள்ளத் தக்கது.

செறிவு மிகை என்று தெரிந்தால் முதலில் காற்று வடிகட்டியைத் திறந்து பார்க்க. வடக்குத்து போன்ற ஊர்களில் இதற்குத் தனி இடம் உண்டு. மேல்மண் அகழும் சுரங்கமும் சரக்குந்து ஓடும் மண்சாலையும் அருகிருக்க, ஏட்டிலே குறித்த தொலைவு வரை வடிகட்டி காத்திராது. தூள் அடைந்த வடிகட்டி மூச்சடைத்த மூக்கு. சிலர் வடிகட்டியையே கழற்றி எறிந்துவிட்டு வண்டி நன்றாக இழுக்கின்றது என மகிழ்வர். மண்தூள் உருளையின் உள்ளே புகுந்து சுவரை அரைப்பது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. தண்தொடக்கி முற்றும் திரும்பாமல் சிக்கி நிற்பதும், மிதவைக் கிண்ணத்தின் ஊசி தேய்ந்து கன்னெய் வழிவதும் செறிவுக்குரிய பிற கரணியங்கள்.

நீர்த்தது என்று தெரிந்தால் தேட வேண்டியது களவாகப் புகும் காற்று. எரிகலப்பிக்கும் உருளைக்கும் இடையே உள்ள இரப்பர் இணைப்பு வெயிலாலும் வெப்பத்தாலும் வெடித்துப்போகும். மேலே பார்த்தால் தெரியாது. மடித்துப் பார்த்தால் கீறல் வாய்திறக்கும். பொறி ஓடும்பொழுது நீர் தோய்த்த தூரிகையால் அவ்விணைப்பைச் சுற்றித் தடவுக. எவ்விடத்தில் தடவும்போது ஒலி மாறுகின்றதோ அவ்விடமே கள்வன் புகும் வாயில். இவ்வாய்வைக் கன்னெய் தெளித்துச் செய்வாரும் உளர். சூடான பொறியின்மேல் கன்னெய் தெளிப்பது தீயோடு விளையாடுவதாகும், அறவே கூடாது. யமகா, எசுடி முதலிய பழைய இருவீச்சுப் பொறிகளில் சுழல்தண்டின் ஓரத்து அடைப்பு தேய்ந்தும் காற்று புகும்; அதற்குப் பொறியைப் பிரித்தாக வேண்டும்.

தீப்பொறியைப் பொறுத்தவரை, செருகியின் முனையிடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். தொடுமுனை கொண்ட பழைய புல்லட்டில் அத்தொடுமுனையின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அவ்வண்டியில் விரைவுக்கேற்பத் தீப்பொறியை முன்தள்ளும் அமைப்பு ஒன்று உண்டு. அதன் சிறுவில்கள் தளர்ந்தால் நின்றோட்டம் ஊஞ்சலாடும். எத்துணைத் திருகு முறுக்கினாலும் அவ்வூஞ்சல் நில்லாது. இதனைக் கண்டறியாமல் எரிகலப்பியையே புதிதாக வாங்கி மாட்டியவர் உண்டு.

காலையில் நன்றாக நின்று, சூடேறியபின் அவியும் வண்டியில் வால்வுகளாகிய தடுக்கிதழ்களின் இடைவெளியைப் பார்க்க. வெப்பத்தால் உலோகம் நீள, இடைவெளி போதாதாயின் இதழ் முற்றும் மூடாது, அழுத்தம் கசியும். பொறி குளிர்ந்த பின்னரே அளக்க வேண்டும். தள்ளுதண்டு கொண்ட பழைய புல்லட்டில், இதழ்கள் இரண்டும் மூடிய நிலையில், தண்டு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலுங்கீழும் ஆடலாகாது.

இவை யாவும் செவ்வையாயிருந்தால்தான் எரிகலப்பியைத் திறக்கும் வேளை வருகின்றது. முதலில், பொறி குளிர்ந்தபின், தீயில்லாத இடத்தில், மிதவைக் கிண்ணத்தின் கன்னெய்யை ஒரு கண்ணாடிப் புட்டியில் இறக்கிப் பார்க்க. அடியில் நீர் பிரிந்து நிற்கின்றதா, துரு படிகின்றதா என்பது தெரியும். இந்நாளில் இது முன்னினும் இன்றியமையாதது. இந்தியாவில் விற்கப்பெறும் கன்னெய்யில் 2022இல் நூற்றுக்குப் பத்து என்ற அளவிலும், 2025இல் நூற்றுக்கு இருபது என்ற அளவிலும் எத்தனால் என்னும் எரிசாராயம் கலக்கும் நிலை வந்துவிட்டது. எரிசாராயம் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் பண்புடையது. திங்கட்கணக்கில் நிற்கும் வண்டியில் ஈரம் அளவு கடந்தால், சாராயமும் நீரும் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். பொறி முதலில் உறிஞ்சுவது அவ்வடிநீரையே. பழைய இரப்பர் உறுப்புகள் அதில் ஊறி உப்பும். மேலும், எரிசாராயம் எரிய ஏறத்தாழ 9 பங்கு காற்றே போதும். இருபது விழுக்காடு கலந்த கன்னெய்க்கு வேண்டுவது ஏறத்தாழ 13.5 பங்கு. தூய கன்னெய்க்கென்று அமைத்த பழைய எரிகலப்பி அதே காற்றை விட்டுக்கொண்டிருக்க, கலவை தானே சற்று நீர்த்துவிடுகின்றது. யாரும் திருகைத் தொடாமலேயே பழைய வண்டிகள் அண்மையில் நடுங்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு கரணியம்.

சிறுதாரைத் துளை அடைபட்டிருந்தால் அதனைக் கழற்றி ஒளிக்கெதிரே பிடித்துப் பார்க்க. துளை வட்டமாக ஒளிவிட வேண்டும். தூய்மை செய்ய அழுத்தக் காற்றையும் கழுவுநீர்மத்தையும் மட்டும் பயன்படுத்துக. கம்பி நுழைத்துக் குத்துதல் பட்டறைகளில் பெருவழக்கு. பித்தளை மெல்லியது, கம்பி வலியது. ஒருமுறை குத்தினால் துளை அகன்றுவிடும். அகன்றதைச் சுருக்கும் கலை எவரிடத்தும் இல்லை.

இறுதியிலேயே திருகு. அதிலும் முறையுண்டு. காற்றுத் திருகோ கலவைத் திருகோ, முதலில் அதனை மெல்ல உள்ளே முறுக்கி எத்தனைச் சுற்றில் அமர்கின்றது என்று எண்ணிக் குறித்துக்கொள்க. அமர்ந்த இடத்தில் அழுத்தலாகாது. பின்னர் ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று தளர்த்திப் பொறியை ஓட்டுக. நின்றோட்டத் திருகால் ஓட்டத்தைச் சற்றே உயர்த்தி, மற்றைத் திருகைக் கால்சுற்றுக் கால்சுற்றாக இருபுறமும் மாற்றி, எவ்விடத்தில் பொறி மிக விரைந்தும் ஒழுங்காயும் ஓடுகின்றதோ அவ்விடத்தில் நிறுத்துக. பின்னர் நின்றோட்டத் திருகைத் தளர்த்தி, வண்டிக்குரிய அளவுக்கு ஓட்டத்தைக் குறைக்க. ஒற்றையுருளை வண்டிகள் பெரும்பாலானவற்றில் அது மணித்துளிக்கு 1,000 முதல் 1,400 சுழற்சி வரை அமையும். பழைய புல்லட்டில் சற்றுக் குறைந்தும் நிற்கும். இருமுறை இவ்வாறு செய்தால் போதும். இரண்டாம் திருகை எவ்வளவு மாற்றினும் பொறியின் ஒலியில் மாற்றமே இல்லையாயின், ஒன்று சிறுதாரை அடைபட்டுள்ளது. அன்றி நின்றோட்டத் திருகு மிகுதியாக உள்ளே முறுக்கப்பட்டு ஏறுதடுப்பு சிறுதாரையின் ஆட்சிக்கு மேலே தூக்கி நிறுத்தப்பட்டுள்ளது. முன்னே சொன்ன இரண்டு திங்கள் அலைச்சலின் முடிவில் வண்டி வந்து நிற்கும் நிலை இதுவே.

2020ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் புதிய புகைக்கட்டுப்பாடு வந்தபின், இந்தியாவில் விற்கப்பெறும் புதிய உந்துருளிகள் பெரும்பாலும் மின்னணுவால் கன்னெய் தெளிக்கும் முறைக்கு மாறிவிட்டன. எரிகலப்பி அறிந்த கைகள் முதுமை எய்துகின்றன. புதிதாக வரும் இளையோர்க்கு அதனைக் கற்பிப்பார் குறைவு. வண்டிகளோ சாலையில் இன்னும் பல்லாண்டு ஓடும். அவற்றை ஓட்டுவார் புது வண்டி வாங்க இயலாத எளியோர். எனவே ஒவ்வொரு பட்டறையும் ஒரு குறிப்பேடு வைப்பதாகுக: வண்டியின் பெயர், திருகு இருக்கும் பக்கம், காற்றுத் திருகா கலவைத் திருகா என்பது, அமர்விடத்திலிருந்து எத்தனைச் சுற்று, தாரைத் துளையின் எண், பழுதாகக் கண்டது எது. இவ்வளவும் தமிழில். அச்சுற்றுக் கணக்கை ஒரு சிறுதாளில் எழுதி வண்டியின் பக்கமூடியின் உட்புறத்திலும் ஒட்டிவிட்டால், வேற்றூர்ப் பட்டறையில் வண்டியைத் திறப்பவரும் அதனைப் பார்த்துவிட்டே திருகுப்புளியை எடுப்பார்.